பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

ஜனவரி 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராகத் தோப்புக்குப் போனேன். மூன்று தேன்பெட்டிகள் காலி. ராணியைக் கூட்டிக்கொண்டு தேனீக்கள் போய்விட்டன. பசித்தால் யார்தான் வீட்டில் இருப்பார்கள். மிச்சம் எண்பத்துநான்கு. மழை ஓய்ந்தும் பூ இல்லாத காலம் இது. தேங்காய்ச் சிரட்டையில் சீனிப்பாகு ஊற்றி வைத்தேன். பாகு உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

மேற்கே குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துவிட்டன. புதுக் கொழுந்து வந்தால் அதன் காம்பில் இனிப்பு ஊறும். எங்கள் ஈக்களுக்கு ஆண்டுச் சோறு அது. எங்களுக்கும்தான். எஸ்டேட் மேற்பார்வையாளர் சுகுமாரன் போனில் சொன்னார், முப்பத்தொன்றாம் தேதிக்குள் பெட்டி வந்து இறங்கவில்லை என்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். பதினான்கு ஆண்டுகளாக நான் பெட்டி வைத்த இடம்.

மத்தியானம் பால் அடிப்பிடித்துவிட்டது. "அடுப்புக்குப் பக்கத்துலதானே இருந்திய, கருகுன மணம் வரல்லியா?" என்றாள் மனைவி ரோஸ்லெட். ஐப்பசியில் வந்த காய்ச்சலின் மூக்கடைப்பு இன்னும் விடவில்லை என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பூதப்பாண்டி வண்டி ஸ்டாண்டில் ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். போன ஆண்டு வழியில் ஒரு பெட்டி உடைந்து, டிரைவர் லாசருக்கு முகமெல்லாம் கொட்டி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றைக்கே எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம், மாட்டை ஏற்றுவோம், பிணத்தை ஏற்றுவோம், தேன்பெட்டி மட்டும் ஏற்ற மாட்டோம் என்று. இரட்டை வாடகை தருகிறேன் என்றேன். லாசர் சிரித்தான். சிரிப்பில் ஒரு பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவனைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். ரோஸ்லெட் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஆண்டுக்கொருக்க அவனுவ கால்ல போய் விழ வேண்டாம். பழைய பிக்கப் ஒண்ணு பாருங்க" என்றாள்.

ஜனவரி 9, வியாழன்

மெக்கானிக் சுயம்புவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் போனேன். சுயம்பு என்னைவிடப் பத்து வயது இளையவன். மூக்குப்பொடி இல்லாமல் ஸ்பானரைத் தொட மாட்டான். பாதித் தும்மலில்தான் பேச்சு.

மீட்டரில் இருபத்திரண்டாயிரம் காட்டிய ஒரு வண்டி. புதுப்பெண் போல மினுக்கி வைத்திருந்தார்கள். சுயம்பு பானட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தான். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. கியர் குமிழில் எழுத்து அழிந்திருந்தது. "இருபத்திரண்டாயிரத்துல பெடலு தேயாது அண்ணே. இது ரெண்டு லட்சம் பாத்த காலு" என்றான். டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பஸ்ஸில் பாடம் நடத்தினான். "கொறச்சு ஓடுன வண்டின்னா ரெண்டு கேள்வி கேக்கணும். மீட்டரு பொய் சொல்லுதா? பொய் சொல்லல்லன்னா, எதுக்கு ஓடாம கெடந்து? சும்மா கெடந்த வண்டி ஓடுன வண்டியவிட மோசம். எலி வயரத் தின்னும், டேங்கு துருப்பிடிக்கும், டயரு வெடிக்கும்."

ஜனவரி 10, வெள்ளி

இன்னும் ஒரு பெட்டி காலி. எண்பத்துமூன்று.

ஜனவரி 12, ஞாயிறு

வயிற்றுப்போக்கு. காலையிலிருந்து நான்கு முறை. நேற்றைய மீன்குழம்பு கெட்டுப்போயிருந்ததாம். ரோஸ்லெட் நாய்க்கு ஊற்ற எடுத்து வைத்ததை நான் சோற்றில் ஊற்றித் தின்றிருக்கிறேன். "வாயில வச்ச ஒடனே தெரிஞ்சிருக்குமே" என்றாள். சாமான் வீணாகக் கூடாதென்று தின்றேன் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரி இரண்டு குப்பி அனுப்பியிருக்கிறார். எதில் கலப்படம் என்று சொல்ல வேண்டும். நாற்பது மைல் சுற்றளவில் இதற்கு என்னிடம்தான் வருவார்கள். மூடியைத் திறந்தால் போதும், ரப்பரா, புளியா, முருங்கையா, சர்க்கரைப்பாகா என்று சொல்லிவிடுவேன். 'ஏசுவடியான் மூக்கு' என்று ஒரு பேச்சே உண்டு. நிறத்தைப் பார்த்து இடது குப்பி என்று சொல்லி அனுப்பினேன். சரியாகத்தான் இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

ஊரெல்லாம் பொங்கல். சுயம்பு கரும்போடு வந்தான். களக்காட்டில் ஒரு பிக்கப் இருக்கிறதாம். ஐந்து வயது, ஒரே ஆள் கையில் இருந்தது, பதினெட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். "பொய்யா இருக்கும்" என்றேன். "பாத்துட்டு பொய்யின்னு சொல்லுவோம்" என்றான்.

ஜனவரி 16, வியாழன்

விவரமாக எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் அவசரப்பட்டு வாங்கினேன் என்று சொல்லக் கூடாது.

வண்டிக்காரர் பெயர் பூலுடையார். களக்காட்டில் உரக்கடை. குடோனிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வாழைத்தோட்டங்களுக்கும் ஓடிய வண்டி. போகவர ஐந்தாறு கிலோமீட்டர்தான். குறைவாக ஓடியதற்குக் காரணம் அதுதான். கடையை மகளிடம் கொடுத்துவிட்டார், அவள் பெரிய வண்டி எடுத்துவிட்டாள்.

சுயம்பு முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான், சில்லென்று இருந்தது. நாம் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கோளாறு மறைந்துவிடுமாம். சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் பிடித்தது. வெள்ளைப் புகை இல்லை, நீலப் புகை இல்லை. ஆயில் மூடியின் அடியில் வெண்பசை இல்லை. டயர் ஓரத்தில் நான்கு எண் இருக்கும், எந்த வாரம் எந்த ஆண்டு செய்தது என்று. நான்கும் வண்டியோடு பிறந்த டயர்கள். பெடல் ரப்பரில் வரி அப்படியே இருந்தது. ஆர்.சி. புத்தகத்தின் சேசிஸ் எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். உரம் ஏற்றியதென்றால் இரும்பை அரித்திருக்குமே என்று அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். சத்தம் கணீரென்று வந்தது. மேட்டில் நிறுத்திக் கிளட்ச் பார்த்தான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "மீட்டரு சத்தியம் சொல்லுது" என்றான்.

நான் பூலுடையாரிடம் கேட்டேன். கேட்காமல் இல்லை. "உரம் சரி. பூச்சிமருந்து ஏத்தினதுண்டா?"

"ஏத்தாம இருக்க முடியுமா அண்ணாச்சி? ஆனா எல்லாம் சீல் வச்ச பெட்டி. சிந்தினா எனக்குல்லா நட்டம்? நீங்களே பாத்துக்கிடுங்க."

வண்டித் தட்டில் பலகை அடித்திருந்தது. சுயம்பு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பொடி போட்டு எனக்க மூக்கு செத்து வருசமாச்சு. ஊருக்கே மூக்கு நீங்கதான அண்ணே. ஏறிப் பாருங்க."

ஏறினேன். முழங்காலிட்டுப் பலகையில் மூக்கை வைத்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை முகர்ந்துகொண்டே வந்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பலகை உலர்ந்து சுத்தமாக இருந்தது. கறை ஒன்றும் பெரிதாக இல்லை. எழுந்து, "ஒண்ணுமில்ல" என்றேன்.

முன்பணம் கொடுத்தாயிற்று.

ஜனவரி 18, சனி

வண்டி வந்துவிட்டது. ரோஸ்லெட் முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு அளவு சிலுவை வரைந்து ஜெபித்தாள். பின்னால் போய் நின்றாள்.

"ஒரு மணம் வருது கேட்டியளா. மருந்தடிச்ச தோட்டம் மாதிரி."

"களக்காட்டுலயே நான் பாத்தாச்சு. கழுவின சோப்பு மணம்."

"அப்பிடியா" என்றாள். இன்னொரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

இன்று முதல் நடை. நாற்பத்துமூன்று பெட்டி. பொழுது சாயும்போது ஈக்கள் எல்லாம் உள்ளே அடைந்ததும் வாசல்களைக் கம்பி வலையால் அடைத்தேன். நாங்கள் எப்போதும் செய்வது போல, வெக்கை தாக்காமலிருக்கப் பலகை மேல் சாக்கை நனைத்து விரித்து, இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பெட்டிகளை அடுக்கினேன். மேலே தார்ப்பாய். ரோஸ்லெட் கூட வரவில்லை, மிச்சமுள்ள நாற்பதுக்குக் காவல்.

வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இரண்டு மாதத்திற்குப் பிறகு இன்றுதான் பாட்டு முணுமுணுத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

விடிந்ததும் எஸ்டேட்டில் பெட்டி வாசல்களைத் திறந்தேன்.

எப்போதும் திறந்தவுடன் கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒன்றும் வரவில்லை. மூடியை எடுத்தேன். அடிப்பலகையில் நான்கு விரல்கடை உயரத்திற்கு ஈக்கள் குவிந்து கிடந்தன. சில நடுங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொன்றும் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பெட்டி அப்படித்தான். அதற்கடுத்ததும். மேலடுக்கில் இருந்தவற்றில் பதிமூன்று பெட்டிகளில் மட்டும் உயிர் இருந்தது. முப்பது பெட்டி போயிற்று.

சுகுமாரன் ஓடிவந்து, "என்னாச்சு ஏசுவடியான்?" என்றார்.

"வெக்கை. தார்ப்பாய் காத்த அடைச்சிருச்சு."

வெக்கையில் செத்த ஈ நனைந்து கறுத்துக் கிடக்கும்; நாக்கை நீட்டிச் செத்தால் அது மருந்து. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஜனவரி 22, புதன்

எழுத ஒன்றுமில்லை. ரோஸ்லெட் அழுதாள். வெக்கை என்று அவளிடமும் சொன்னேன்.

ஜனவரி 23, வியாழன்

பூலுடையாருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கத்தவில்லை. "அண்ணாச்சி, நான் மறைச்சனா? மருந்து ஏத்தினேன்னு சொன்னேன். முட்டிபோட்டு முகந்து பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னது நீங்கதான" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஸ்டாண்டுக்குப் போய் லாசரிடம் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மூன்று ஊர் ஸ்டாண்டுக்கும் போனேன். இல்லை, இல்லை, இல்லை. தேதி இருபத்துமூன்று ஆகிவிட்டது. நாற்பது பெட்டி தோப்பில் பட்டினி கிடக்கிறது. கையில் இருப்பது இந்த வண்டி ஒன்றுதான்.

ஜனவரி 24, வெள்ளி

வண்டியைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோய்ப் பலகையைச் சோப்புத்தூள் போட்டு ஆறு முறை தேய்த்துக் கழுவினேன். வெயிலில் நிறுத்தினேன். மூக்கை வைத்து வைத்துப் பார்த்தேன். சுத்தமாகிவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் கழுவுவதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது.

உள்ளங்கையில் தைலத்தைத் தேய்த்து முகர்ந்தேன். கண் எரிந்தது. வெறும் எரிச்சல்.

ஜனவரி 25, சனி

ஒரு வழி தோன்றியது. ஒரே ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றி, சாக்கை நனைத்து, தார்ப்பாய் போட்டுக் காலை வரை வைத்துப் பார்ப்பது. பிழைத்தால் மிச்சத்தை ஏற்றலாம். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நான்காம் எண் பெட்டியை எடுத்தேன். முன்பு ஈக்களுக்கு நோய் வந்த ஓர் ஆண்டில் எல்லாம் செத்து ஒன்பது கூடுதான் மிஞ்சியது, அதில் ஒன்றின் வழிவந்தது இது. ரோஸ்லெட் விரல்நுனியில் தேன் தொட்டு வைத்துக் காப்பாற்றியது. இப்போது கூட்டம் சுருங்கிவிட்டது, அதனால்தான் எடுத்தேன். வேறு காரணமில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

ஒன்றுகூட மிஞ்சவில்லை. ராணியும் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டிப் படியிலேயே இருந்துவிட்டேன். கோயில் மணி அடித்தது. ரோஸ்லெட் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, புறப்படவில்லையா என்று கேட்க வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள்.

"இத எதுக்கு வண்டியில ஏத்தினிய?"

"சோதிச்சுப் பாக்க."

"என்னத்த சோதிக்க? மருந்து மணம் போச்சா இல்லியான்னு மோந்து பாத்தா தெரியாதா? அதுக்கு ஒரு கூட்டைக் கொல்லணுமா?"

நான் சொன்னேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாததைச் சொன்னேன். மூக்கடைப்பு இல்லை. ஐப்பசிக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த மணமும் தெரியாது. பால் தெரியாது, மீன் தெரியாது, தேன் தெரியாது. களக்காட்டில் பலகையில் மூக்கை வைத்தபோது மரத்தின் சொரசொரப்பு மட்டும்தான் தெரிந்தது. மெக்கானிக்கும் வண்டிக்காரரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"அண்ணைக்கு எனக்கு நல்லா மணந்துது. தலைவலியே வந்துது. நீங்க இல்லன்னு சொன்னிய. அடுப்படியிலயே கெடந்து எனக்க மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

தனியாகக் கோயிலுக்குப் போனாள். முப்பத்தொரு கூடு செத்ததைவிட அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

சுயம்புவை வரச்சொல்லி அவனிடமும் சொன்னேன். தும்மாமல் அவன் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே. களக்காட்டுல ரோட்டுல போற ஆள ஒருத்தன கூப்புட்டு மோக்க சொல்லியிருப்பேன்" என்றான்.

பலகையை எல்லாம் பெயர்த்தோம். அடிப்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை ஊறி மஞ்சளித்திருந்தது. ஐந்து வருஷத்துச் சொட்டு. காய்ந்து உறங்கிக்கொண்டிருந்ததை நான்தான் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி எழுப்பியிருக்கிறேன். இரும்புத் தகட்டைச் சோப்பும் சுண்ணாம்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்தோம்.

ரோஸ்லெட் கூப்பிடாமலே வந்தாள். ஏறிக் குனிந்து முகர்ந்தாள். "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஜனவரி 28, செவ்வாய்

தேய்த்தேன். இருக்கு என்றாள்.

ஜனவரி 29, புதன்

விரல்நகம் சுண்ணாம்பில் வெந்துவிட்டது. சுயம்பு மூலைகளில் இருந்த ரப்பர் பட்டைகளையும் பிய்த்தெறிந்தான். சாயங்காலம் ரோஸ்லெட் மூலை மூலையாகக் குனிந்தாள். பின்கதவுப் பக்கம் வந்ததும் நின்றாள். "இந்த இடுக்குல இருக்கு." கதவையே கழற்றினோம்.

சுகுமாரன் போன் செய்தார். வேறு ஆள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம்.

ஜனவரி 30, வியாழன்

மூன்று மணிக்கு ரோஸ்லெட் வண்டியில் ஏறினாள். முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்காலிட்டு, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வந்தாள், நான் அன்றைக்கு வந்தது போலவே. ஆனால் அவள் இரண்டு முறை வந்தாள். கீழே நானும் சுயம்புவும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இல்ல" என்றாள்.

அடியில் புதுப் பலகையும் வைக்கோலும். சாக்கு நனைக்கவில்லை. தார்ப்பாய் போடவில்லை. முப்பத்தொன்பது பெட்டி. ரோஸ்லெட் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜனவரி 31, வெள்ளி

விடியலில் முதல் வாசலை அவள்தான் திறந்தாள். நான் நான்கு எட்டு தள்ளி நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும். காதில் கேட்டது. அவள் கையைத் தள்ளிக்கொண்டு வந்தன.

முப்பத்தொன்பதும் வந்தன. சுகுமாரன் எண்ணிப் பார்த்துவிட்டு, சரி, இடம் உங்களுக்குத்தான் என்றார். முதல் நடையில் பிழைத்ததோடு சேர்த்து ஐம்பத்திரண்டு. எண்பத்துமூன்று இருந்த இடத்தில்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மார்த்தாண்டத்து வியாபாரிக்குப் போன் செய்து, அன்றைக்குச் சொன்னது ஊகம், இனி எனக்குக் குப்பி அனுப்ப வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். ஊர் முழுக்கத் தெரிய ஒரு வாரம் ஆகாது.

எஸ்டேட் கொட்டகையில் தங்கியிருக்கிறோம். கொழுந்து விரியத் தொடங்கிவிட்டது. ரோஸ்லெட் இன்னும் என்னோடு பேசத் தொடங்கவில்லை. மத்தியானம் கஞ்சியை ஊற்றி எனக்கு முன்னால் வைத்தாள். ஊறுகாய்க் குப்பியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், மறுபடி மூடித் தள்ளி வைத்தாள்.

"கஞ்சி சூடா இருக்கு. ஊறுகா கெட்டுப்போச்சு, தொடாதீங்க" என்றாள்.

தொடவில்லை. கஞ்சியைக் குடித்தேன்.